இரவில் நிற்கும் மூச்சும் பகலில் உறங்கும் அதிகாரமும்

குறட்டை விடுகிறவனைக் கண்டு சிரிப்பது உலக வழக்கம். நாடக மேடையிலும் திரைப்படத்திலும் அவனைக் காட்டிக் கைதட்டல் வாங்கியோர் பலர். ஆனால் இருதயம் பலவீனப்பட்ட ஒருவனின் குறட்டை இடையிலே அறுந்து, பத்து விநாடி, இருபது விநாடி, சில வேளைகளில் அதற்கும் மேலாக மூச்சே அற்றுக் கிடந்து, பின்னர் நீரில் மூழ்கியவன் மேலெழுவது போன்ற பெருமூச்சோடு திரும்புமாயின், அது சிரிப்புக்குரிய காட்சியன்று. அது நோய். பெயரிடப்பட்டு, அளக்கப்பட்டு, இரு நூற்றாண்டுகளாக மருத்துவ நூல்களிற் பதியப்பட்டுவரும் நோய். கண்டி நகரிலும், அதைச் சூழ்ந்த ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்டை, புசல்லாவை, மடுல்கலை, ரங்கலை மலைகளிலும் வாழும் நம் மக்களிடம் இந்நோயைப் பற்றிக் கேட்போர் அரிது என்பது நமது முதற் குற்றச்சாட்டு. எந்த நோய் என்று கேளாமலே இயந்திரம் விற்க வருவோர் மீதும், அந்த இயந்திரத்தைத் தேர்தற் காலத்து அன்பளிப்பாக்க ஆசைப்படுவோர் மீதும் நமது இரண்டாவது குற்றச்சாட்டு. இவ்விரண்டையும் ஒன்றாகவே வழக்காடுகிறோம். ஏனெனில் இரண்டும் ஒரே அலட்சியத்தின் இரு முகங்களாகும்.

முதலில் நோயை விளங்கிக்கொள்வோம். இருதய பலவீனம் என்பது இருதயம் நின்றுபோவதன்று. உடல் கேட்கும் அளவுக்கு இரத்தத்தை இறைக்க அதற்கு வலு இல்லாமற் போவதாகும். கால் வீங்கும், படி ஏறினால் இளைக்கும், படுத்தால் மூச்சு முட்டும். இத்தகையோரில் ஏறத்தாழ அரைப்பங்கினருக்கு உறக்கத்திலே மூச்சு ஒழுங்கு கெடுகிறது என்று பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்தக் கேடு இரு வகைப்படும். ஒன்றில் தொண்டைத் தசை தளர்ந்து காற்றின் வழி அடைபடுகிறது. நெஞ்சு இழுத்து இழுத்துப் போராடுகிறது, காற்று புகுவதில்லை. மற்றதில் வழி திறந்தே கிடக்கிறது. மூளையிலிருந்து கட்டளை வருவதில்லை, ஆகையால் நெஞ்சு அசைவதே இல்லை. இந்த இரண்டாம் வகையில், மூச்சு சிறிது சிறிதாக உயர்ந்து, உச்சம் தொட்டு, சிறிது சிறிதாகத் தேய்ந்து, நின்று, மீண்டும் தொடங்கும் அலைபோன்ற நடையை டப்ளின் நகர மருத்துவர் ஜோன் செயின் 1818இல் எழுதி வைத்தார். அதே நகரத்து வில்லியம் ஸ்ரோக்ஸ் 1854இல் அதை விரித்து எழுதினார். இன்றும் இருவர் பெயராலேயே அது வழங்குகிறது.

இந்த அலை எவ்வாறு தோன்றுகிறது? மலையகத்தார்க்கு இதை விளக்குவது எளிது. கொழும்பிலுள்ள காரியாலயத்துக்கு இம்மலையின் செய்தி காலந்தாழ்த்தி எட்டுகிறது. அதன் கட்டளையும் காலந்தாழ்த்தியே இங்கு வருகிறது. மண் சரிந்து முடிந்தபின் எச்சரிக்கைச் சுற்றறிக்கை வரும். மழை ஓய்ந்தபின் கூடாரம் வரும். பலவீனப்பட்ட இருதயம் உடையவனின் மூளைக்கும் அதே கதி. நுரையீரலிலிருந்து புறப்பட்ட இரத்தம் மூளையை எட்டத் தாமதமாகிறது. இரத்தத்தில் கரியமில வாயு எவ்வளவு என்ற செய்தி வந்து சேரும்போது அது பழஞ்செய்தி. பழஞ்செய்தியை நம்பிய மூளை, வேண்டியதற்கு மிகுதியாக மூச்சு வாங்க வைக்கிறது. கரியமில வாயு எல்லை கடந்து குறைந்துவிட்டது என்ற செய்தி அப்புறம் எட்டுகிறது. உடனே மூச்சை நிறுத்திவிடுகிறது. இப்படி ஓர் இரவில் நூற்றுக்கணக்கான தடவை நிகழ்வதும் உண்டு. ஒவ்வொரு தடவையும் பிராணவாயு இறங்கும், உடல் திடுக்கிடும், நரம்புகள் முறுக்கேறும், ஏற்கெனவே சோர்ந்த இருதயத்தின் மீது சவுக்கடி விழும். பகலெல்லாம் மருந்து தேற்றியதை இரவு குலைக்கிறது.

நாம் சட்டம் கற்றவர்கள். சாட்சியத்தைப் பற்றிப் பேச நமக்குச் சிறிது உரிமை உண்டு. இந்நோயில் நோயாளி மிக மோசமான சாட்சி. நிகழ்வின்போது அவன் உறங்கிக்கொண்டிருந்தான்! அவனைத் தனியே நிறுத்தி, "தூக்கம் எப்படி?" என்று கேட்டால், "சரியில்லை" என்பான், அவ்வளவே. நல்ல சாட்சி அருகிற் படுத்திருந்தவர். பங்களாவில் தனி அறையில் உறங்கும் துரைக்குச் சாட்சி கிடைப்பது கடினம். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்து அறையில் சாட்சிக்குப் பஞ்சமே இல்லை. மனைவி, மக்கள், மாமியார் எனக் குடும்பம் முழுவதும் ஒரே அறையில் உறங்கும்படி இத்தேசம் நம்மை வைத்திருக்கிறது. அந்த அநீதி தந்த ஒரே அனுகூலம் இது! அதையாவது மருத்துவம் பயன்படுத்துகிறதா? கிளினிக்கில் ஆள் பெயர் கூப்பிடும்போது நோயாளி மட்டும் உள்ளே போகிறார். கண்ணாற் கண்ட மனைவி வெளியே வாங்கில் உட்கார்ந்திருக்கிறார்.

நடு இரவில் நெஞ்சின் மேல் ஏதோ ஏறி அமர்ந்தது போலத் திணறி எழுவதை நம் மக்கள் அமுக்குவான் பேய் என்பர். கோயிலுக்குப் போய்க் கயிறு கட்டுவர். கயிறு கட்டுவோரை நாம் பழிக்கவில்லை. அவர்களது மொழியில் அவர்களை விசாரிக்க எவரும் இல்லாத இடத்தில் பேய் ஒன்றுதான் அவர்களுக்குக் கிடைத்த விளக்கம். படுத்து இரண்டு மணிநேரத்தில் திணறி எழுந்து சன்னலைத் தேடி ஓடுவது நுரையீரலில் நீர் சேர்வதன் அடையாளமாகவும் இருக்கலாம். உறக்கத்தில் மூச்சு நின்றதன் அடையாளமாகவும் இருக்கலாம். வெறும் உறக்கக் கலக்கமாகவும் இருக்கலாம். எது என்பதைப் பிரித்தறிவதே வைத்தியம். பிரித்தறிவதற்குக் கேள்வி வேண்டும். கேள்விக்கு மொழி வேண்டும்.

கேள்வி என்றதும் ஒன்றைச் சொல்லாமல் விட இயலாது. அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ன் நகரில் 1991இல் ஆக்கப்பட்ட எப்வேத் அளவுகோல் என்னும் வினாப்பட்டியல் உலகெங்கும் உறக்கநோய்க்குப் பயன்படுகிறது. புத்தகம் வாசிக்கையில் உறக்கம் வருமா? காரில் ஒரு மணிநேரம் பயணியாகச் செல்லும்போது? நண்பகலில் சற்றுச் சாய்ந்து ஓய்வெடுக்கும்போது? காரை வாகன நெரிசலில் நிறுத்தியிருக்கும்போது? காலைப் பிரட்டில் நின்று, நாள் முழுதும் கூடை சுமந்து, கொழுந்து நிறுத்து, மாலையில் விறகு கட்டிக்கொண்டு வரும் பெண்ணிடம் இதைக் கேட்டால் அவர் என்ன விடை கூறுவார்? நண்பகலில் சாய்ந்து கொள்ள அவருக்கு அனுமதி கொடுத்தவர் எவர்? அதற்கு மேலும் ஒன்றுண்டு. இருதய பலவீனம் உடையோரில் பலருக்கு இரவில் மூச்சு நின்றாலும் பகலில் உறக்கக் கலக்கம் தோன்றுவதில்லை என ஆய்வாளரே கண்டிருக்கின்றனர். எனவே "பகலில் தூங்கி விழவில்லை, ஆகவே நோயில்லை" என்ற தீர்ப்பு இவர்கள் விடயத்திற் செல்லாது. "பருத்தவர்க்கே இது வரும், மெலிந்த தோட்டத்தாருக்கு வராது" என்ற தீர்ப்பும் அவ்வாறே. மூளையின் கட்டளை தவறும் வகைக்கு உடற்பருமன் தேவையே இல்லை.

இனி இயந்திரத்துக்கு வருவோம். சிட்னியில் கொலின் சலிவன் என்பார் 1981இல், மூக்கில் மூடி பொருத்தி, இடையறாத காற்றழுத்தத்தால் தொண்டையைத் திறந்து வைக்கும் முறையை வெளியிட்டார். சீபாப் என இன்று கடைகளில் வழங்குவது இதுவே. தொண்டை அடைபடும் வகைக்கு இது மெய்யாகவே நல்ல வைத்தியம். இருதய பலவீனமும் தொண்டை அடைப்பும் ஒருங்கே உடைய 24 பேரைக் கொண்டு 2003இல் வெளிவந்த ஒரு கனேடிய ஆய்வில், இயந்திரம் பெற்றோர்க்கு ஒரு மாதத்தில் இருதயம் இறைக்கும் பங்கு நூற்றுக்கு 25இலிருந்து ஏறத்தாழ 34ஆக உயர்ந்தது. சிறிய ஆய்வுதான், எனினும் தள்ளத்தக்கதன்று.

ஆனால் மற்ற வகைக்கு? 2005இல் கனடாவில் 258 நோயாளரைக் கொண்டு ஆராய்ந்தனர். மூச்சுத் தடைகள் குறைந்தன; ஆயுள் நீளவில்லை. அதன்பின் மூச்சின் போக்குக்கேற்பத் தானே அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் புதிய பொறி வந்தது. அது அலையை அழகாகச் சமன் செய்தது. வரைபடத்தைப் பார்த்தோர் மகிழ்ந்தனர். விற்போர் அதனினும் மகிழ்ந்தனர். 1325 நோயாளர் சேர்ந்த பேராய்வு 2015இல் முடிவு கண்டது. இருதயம் இறைக்கும் பங்கு நூற்றுக்கு 45உம் அதற்குக் கீழும் உள்ள, மூளை வகை மூச்சுக்கேடு மேலோங்கிய நோயாளர் அவர்கள். பொறி பெற்றோரில் நூற்றுக்கு 29.9 பேர் இருதய, குருதிக்குழாய் நோயால் இறந்தனர். பெறாதோரில் 24 பேர். மூச்சு சீரானது, மரணம் கூடியது! ஏன் என்பது இன்னும் வாதத்திலுள்ளது. அந்த அலைமூச்சே தளர்ந்த இருதயத்தின் ஒருவகைத் தற்காப்பு என்பர் சிலர். காற்றழுத்தம் இருதயத்தின் வேலையைக் குறைத்துவிட்டது என்பர் வேறு சிலர். பணம் கொடுத்து ஆய்வை நடத்திய ரெஸ்மெட் நிறுவனமே அவ்வாண்டு மே மாதத்தில் எச்சரிக்கை வெளியிட்டது. முதலாளிகளைப் புகழ்வது நம் வழக்கமன்று. எனினும் அந்த எச்சரிக்கையை மறைக்காமல் வெளியிட்டது சரியான செயல் என ஒப்புக்கொள்வோம். 2024இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, 731 பேரைக் கொண்டது, வேறு விதமாக இயங்கும் அதே இனப் பொறியால் கெடுதி காணவில்லை. ஆயுளில் நன்மையும் காணவில்லை.

இவற்றால் அறியப்படுவது யாது? வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் மேசைமேல் இருக்கும் இரு பெட்டிகளில் ஒன்று ஒருவனுக்கு மருந்தாகலாம். மற்றது வேறொருவனுக்கு நஞ்சாகலாம். நோயாளியின் இருதயத்தை அளவாமல், அவனது மூச்சுக்கேடு எவ்வகை என்று ஓர் இரவு முழுதும் பதிந்து பாராமல், "குறட்டையா? இதோ இயந்திரம்" என்று விற்பவன் வைத்தியமும் செய்யவில்லை, வியாபாரமும் ஒழுங்காகச் செய்யவில்லை. மருத்துவக் கருவிகளையும் கட்டுப்படுத்தவென்றே 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை நிறுவப்பட்டது. தனியார் மருத்துவ நிலையங்களுக்கு 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் உண்டு. நுகர்வோருக்கு 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் உண்டு. சட்டத்துக்குக் குறைவில்லை. மூன்று சட்டமும் ஏட்டில் உறங்குகின்றன; அவற்றின் குறட்டை மட்டும் நம் காதில் விழுகிறது.

அன்பளிப்புக்காரரிடம் நமக்குச் சில கேள்விகள் உண்டு. மேடையிட்டு, மாலை சூடி, நாலு பெட்டியைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துப் படம் பிடித்துக்கொள்ளும் ஆசை நம் அணியிலும் சிலரைப் பிடித்திருக்கிறது. அவர்களுக்கு நேராகவே சொல்கிறோம். 2022 மார்ச்சு இறுதியில் இந்நாட்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் நின்றது. மின்சாரம் இல்லாத இரவில் உங்கள் பெட்டி எதைச் செய்யும்? மூடி கிழிந்தால், வடிகட்டி அழுக்கடைந்தால் மாற்றுப் பொருள் எங்கே? 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம், உள்ளிருக்கும் ஒலியடக்கும் நுரைப்பொருள் சிதைந்து மூச்சோடு உட்செல்லக்கூடும் என்று கூறி, இவ்வகை இயந்திரங்களைப் பல இலட்சக்கணக்கில் திரும்ப அழைத்தது. பதிவேடு இல்லாமல் கைமாறிய பெட்டிக்கு அத்தகைய அழைப்பு எவ்வழியால் வந்து சேரும்? எந்த வீட்டில் எந்தப் பெட்டி என்று உங்களுக்குத் தெரியுமா? பெட்டி கொடுப்பது ஒரு நாள் வேலை. அதை வைத்து ஒருவரைப் பராமரிப்பது ஆண்டுக்கணக்கான வேலை. இரண்டாவதற்கு ஆள் இல்லாதபோது முதலாவது தர்மமாகாது.

"அப்படியானால் செய்வதற்கு ஒன்றுமில்லை, விட்டுவிடுவோம்" என்று சொல்ல அதிகாரிகள் காத்திருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த வாய்ப்பைத் தர மாட்டோம். செய்யவேண்டியதில் முதலாவது இருதயத்துக்கே ஒழுங்கான மருந்து. இருதயம் தேறினால் மூளை வகை மூச்சுக்கேடு பலருக்குத் தானாகவே தணிகிறது. ஸ்பைரோனோலாக்டோன் என்ற பழைய, மலிவான மாத்திரை கடும் இருதய பலவீனம் உள்ளோரின் மரணத்தை ஏறத்தாழ நூற்றுக்கு 30 குறைத்தது என 1999இல், 1663 பேரைக் கொண்ட ஆய்வு நிறுவிற்று. அதனோடு சேரும் வேறு மூன்று இன மருந்துகளும் இன்று உலகெங்கும் வழக்கிலுள்ளன. இவை இடையறாது கிடைக்கின்றனவா என்பதே கேள்வி. 2022 மார்ச்சில் பேராதனைப் போதனா வைத்தியசாலை, மருந்தில்லாமையால் முன்குறித்த சத்திர சிகிச்சைகளை நிறுத்தி வைத்ததை மறந்துவிட்டோமா? கண்டி திரித்துவக் கல்லூரியிற் படித்து, பேராதனை மருத்துவ பீடத்துக்குப் பீடாதிபதியாக விளங்கிய சேனக்க பிபிலே, நல்ல மருந்து குறைந்த விலையில் எல்லார்க்கும் என்ற கொள்கைக்காக 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தைக் கட்டியெழுப்பினார். அவர் உலாவிய மலைச்சாரலிலேயே மருந்துச் சீட்டை வெளிக்கடைக்கு எடுத்துச் செல்லும் நிலை வந்தது.

இன்னும் சில காரியங்களுக்குப் பணமே வேண்டியதில்லை. "தூக்கமில்லை" என்று முறையிடும் இருதய நோயாளிக்குக் கடையில் உறக்க மாத்திரை கொடுப்பது பெருந்தவறு. அவன் மூச்சு நிற்பதால் விழிக்கிறானா என்று முதலில் அறிய வேண்டும். இரவில் சாராயமும் கசிப்பும் தொண்டைத் தசையை மேலும் தளர்த்தும். மல்லாந்து கிடப்பதைவிடத் தலையை உயர்த்தி ஒருக்களித்துப் படுப்பது பலருக்கு உதவும். இவற்றைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வோர் இருதய கிளினிக்கிலும் ஒட்டுவதற்கு எந்த நாட்டுக் கடன் வேண்டும்? விரல்நுனியில் மாட்டிப் பிராணவாயுவைக் காட்டும் சிறு கருவியைக் கொவிட் காலத்தில் யாவரும் கண்டோம். அதே இனத்தில் இரவு முழுதும் பதிந்து வைப்பதும் உண்டு. இரு வகையையும் அது முற்றாகப் பிரித்துக் காட்டாது. ஆயினும் யாருக்கு முழுச் சோதனை வேண்டும் என்று தெரிந்தெடுக்க உதவும். முழுச் சோதனைக்கு ஓர் இரவு ஆஸ்பத்திரியில் தங்க வேண்டுமாயின், தோட்டத்திலிருந்து வருபவர் இரண்டு பேரை இழக்கிறார். கூடவரும் துணையாளும் அவ்வாறே. 2021இல் 1000 ரூபாயும் 2024இல் 1350 ரூபாயும் நாட்கூலியாக எழுதப்பட்டோருக்கு இரண்டு பேர் என்பது சோற்றுக் கணக்கு. அந்த நாட்களுக்குச் சம்பளத்தோடு லீவு வேண்டும் என்று கம்பனிகளிடம் கேட்பது தொழிற்சங்கங்களின் கடமை. கேட்டதாக நாம் கேள்விப்படவில்லை.

தோட்டத்தாரின் மருத்துவத்துக்குத் தோட்டமே பொறுப்பு என்ற சட்டக் கொள்கை புதியதன்று. 1912இன் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டத்தில் வெள்ளையனே அதை எழுதினான். கருணையாலன்று, செத்தவன் கொழுந்தெடுக்கான் என்பதால். 1978இன் அரசியலமைப்பில், உடல்நலத்துக்கான உரிமை அடிப்படை உரிமைகளின் அத்தியாயத்தில் இல்லை. 27ஆம் உறுப்புரையில் போதிய வாழ்க்கைத்தரம் என்ற நல்வாக்கு உண்டு. 29ஆம் உறுப்புரை அதைக் கொண்டு நீதிமன்றம் ஏறலாகாது என்று கதவடைக்கிறது. எனினும் உயர்நீதிமன்றம் 2003இல், சிறியானி சில்வா வழக்கில், 13ஆம் உறுப்புரையின் 4ஆம் பிரிவுக்குள் உயிர்வாழும் உரிமை உட்கிடையாக உள்ளது எனக் கண்டது. 12ஆம் உறுப்புரை எல்லார்க்கும் சமத்துவம் பேசுகிறது. சிங்களம் நிர்வாக மொழியாயுள்ள பகுதியிலும், அரச அலுவலரோடு தமிழில் பேசவும் அவரிடமிருந்து தமிழில் விடை பெறவும் ஒருவருக்கு உரிமையுண்டு என 1988இல் திருத்தப்பட்ட 22ஆம் உறுப்புரை கூறுகிறது. கண்டியில் தமிழ் பேசும் நோயாளியிடம் அவர் மனைவி கண்டதைத் தமிழில் கேட்டு எழுதாத கிளினிக், மருத்துவத்தில் மட்டுமன்று, சட்டத்திலும் குறையுடையது. அடிப்படை உரிமை மீறலுக்கு மனுச் செய்யும் காலம் ஒரு மாதமே. மீறப்பட்டதையே அறியாமல் உறங்குகிறவனுக்கு அந்த மாதம் எப்போது தொடங்குகிறது என்பது சுவையான சட்டப் பிரச்சினை. அதை வேறொரு வாரம் பேசலாம்.

"டெங்கு இருக்கிறது, சிறுநீரக நோய் இருக்கிறது, மாரடைப்பு இருக்கிறது; குறட்டைக்கு இப்போது என்ன அவசரம்?" என்று நண்பர் சிலர் நம்மைக் கேட்டனர். மாரடைப்பிலிருந்து உயிர் தப்பியவர்தானே நாளை இருதய பலவீன நோயாளி ஆகிறார்? பெருஞ்செலவில் காப்பாற்றிய உயிரை இரவில் கேட்பாரற்று விடுவது எந்தச் சிக்கனத்தில் சேரும்?

ஆகையால் காரியத்தில் இறங்கியுள்ளோம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இரண்டு விண்ணப்பங்கள் தமிழில் எழுதப்பட்டுள்ளன. ஒன்று சுகாதார அமைச்சுக்கு. கண்டி தேசிய வைத்தியசாலையும் பேராதனைப் போதனா வைத்தியசாலையும் அதன் கீழுள்ளவை. மற்றது மாகாண சபையின் கீழுள்ள வைத்தியசாலைகளைக் குறித்து மத்திய மாகாணச் சுகாதாரத் திணைக்களத்துக்கு. கேட்கப்பட்டவை இவை: கடந்த ஐந்தாண்டில் இருதய கிளினிக்குகளிலிருந்து எத்தனை பேர் உறக்கச் சோதனைக்கு அனுப்பப்பட்டனர், அவர்களிற் தோட்டப்புற முகவரி உடையோர் எத்தனை பேர், சோதனைக்கு எத்தனை மாதம் காத்திருந்தனர், இருதய பலவீன மருந்துகள் எந்தெந்த மாதங்களில் கையிருப்பில் இல்லாதிருந்தன, காற்றழுத்தப் பொறி பெற்றோரின் பதிவேடு உண்டா, 2015ஆம் ஆண்டின் எச்சரிக்கை இங்குள்ள வைத்தியசாலைகளுக்கு எழுத்தில் அறிவிக்கப்பட்டதா, ஆமெனில் எத்தேதியில். பதினான்கு வேலைநாட்களுக்குள் தகவல் அலுவலர் தமது முடிவைக் கூற வேண்டும் என்பது சட்டம். விடை வந்தால் எழுத்துக்கு எழுத்து இப்பத்திரிகையில் அச்சிடுவோம். வராவிட்டால், குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதன்பின் ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்வோம். இதற்கிடையே இருதய கிளினிக்குக்குப் போகும் வாசகர்கள், இரவில் தம் மூச்சைக் கண்டவரை உடன் அழைத்துச் செல்லட்டும். மூச்சு நின்ற நேரத்தை விநாடியில் எண்ணி, தேதியிட்டு, ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போகட்டும். அதைப் பார்க்க மறுக்கும் இடம் எது என்பதை நமக்கு எழுதட்டும்.